வடிதட்டு மகுடம்



மன்றத்திலே கூடியிருந்தோரிடம் வாய்மொழியாக உரைத்ததை, இன்று ஞாயிற்றுக்கிழமை ஏட்டைக் கையிலேந்தி அமர்ந்திருக்கும் உங்களிடம் எழுத்து வடிவிலே ஒப்படைக்கின்றேன்.

ஒரு மதத்தைப்பற்றிப் பேசப்போகிறேன். புருவத்தை நெரிக்காதீர்கள்! உங்கள் மதத்தைப்பற்றியுமன்று, உங்கள் அண்டை வீட்டார் மதத்தைப்பற்றியுமன்று. ஆயிரமாண்டுப் பழமை இல்லை அதற்கு; ஆலயம் இல்லை, ஆதீனம் இல்லை, அறங்காவலர் இல்லை. பிறந்த ஆண்டு 2005. பிறந்த இடம் அமெரிக்க நாடு. பெற்றெடுத்த தாய் பக்தியன்று, பகடி! எனினும், அந்தப் பகடி கல்வி வாரியத்தின் கதவைத் தட்டிற்று. அரசு அலுவலகங்களுக்குள் புகுந்தது. நீதிமன்றப் படிக்கட்டிலே ஏறிற்று. "மதம் என்பது யாது? அதை நிறுக்கும் தராசு எவர் கையில்?" என்று கேட்டுக் கேட்டு, கற்றறிந்த நீதிபதிகளையே நெற்றியைத் தடவவைத்தது.

அந்த மதத்தின் கடவுள் யார் தெரியுமா? ஸ்பகெட்டி! ஆம், உண்ணும் பண்டந்தான். கோதுமை மாவைப் பிசைந்து, நூல் நூலாக இழுத்து, உலர்த்தி, வேண்டும்போது வேகவைத்து இத்தாலியர் உண்ணுவது. நம் வீட்டு இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட உறவு என்றும், சேமியாவுக்கு நெட்டையான அண்ணன் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்பகெட்டி சிக்கலும் சிடுக்குமாகச் சுருண்டு வானத்திலே பறக்கிறது. இருபுறமும் இரண்டு இறைச்சி உருண்டைகள். மேலே காம்பு முளைத்து, காம்பின் நுனியிலே இரண்டு கண்கள். இதுதான் மூலமூர்த்தி! 'பறக்கும் ஸ்பகெட்டிப் பூதம்' என்பது திருநாமம். அடியார்க்குப் பாஸ்தஃபாரியர் என்று பெயர். பாஸ்தா என்ற உணவின் பெயரையும், ஜமைக்காத் தீவிலே தோன்றிய ரஸ்தஃபாரி சமயத்தின் பெயரையும் பிணைத்துப் பின்னிய சொல் அது.

வெந்த ஸ்பகெட்டியை நீர் வடிய வைக்கும் பாத்திரம் ஒன்று உண்டல்லவா, உடலெல்லாம் துளையாக? நம் அடுக்களையிலே கஞ்சி வடிக்கும் வடிதட்டின் இனம். அடியார்கள் அதைத் தலையிலே கவிழ்த்துக்கொள்கிறார்கள். அதுவே அவர்தம் மணிமுடி! அரசர்க்கு மகுடம் பொன்னால் ஆனது. இவர்க்கு மகுடம் பொத்தல்களால் ஆனது!

"பிழைப்பற்றோர் செய்த பித்துக்குளி வேலை இது, இதற்கொரு சொற்பொழிவா?" என்று கேட்கத் தோன்றுகிறதா? பொறுங்கள். பித்துக்குளித்தனம் எது, எவருடையது என்பதைக் கதை முடிவிலே நீங்களே கூறுவீர்கள்.

கதை ஸ்பகெட்டியிலே தொடங்கவில்லை, தோழர்களே! வகுப்பறையிலே தொடங்குகிறது. டார்வின் என்னும் பேரறிஞர், உயிரினங்கள் காலப்போக்கிலே மாறி மாறி வளர்ந்தன என்று 1859-ஆம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். அறிவுலகம் ஆராய்ந்தது; ஆதாரங்களைத் தேடிற்று; ஏற்றது. ஆனால் அமெரிக்காவிலே சிலருக்கு அது எட்டிக்காயாகக் கசந்தது. டென்னசி மாநிலத்திலே, மாந்தன் தாழ்ந்த உயிர்களினின்று தோன்றினான் என்று அரசுப் பள்ளியிலே கற்பிப்பது குற்றம் என்று சட்டமே இயற்றினர். ஸ்கோப்ஸ் என்ற இளம் ஆசிரியர் 1925-இல் டேடன் என்ற சிற்றூரிலே குற்றவாளிக் கூண்டிலே நிறுத்தப்பட்டார். விதிக்கப்பட்ட தண்டம் 100 டாலர். மேல்முறையீட்டிலே அந்தத் தீர்ப்பு ஒரு சட்ட நுணுக்கத்தால் தள்ளுபடியாயிற்று. சட்டமோ 1967 வரை உயிரோடிருந்தது!

அடுத்த ஆண்டே, 1968-இல், இத்தகைய தடைச் சட்டம் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறிற்று. தடுக்க முடியாது என்றானதும், "தடுக்கவில்லை, எங்கள் படைப்புக் கதையையும் 'படைப்பு அறிவியல்' என்று சரிசமமாகக் கற்பியுங்கள்" என்று கிளம்பினர். லூசியானா மாநிலம் அதையும் சட்டமாக்கியது. 1987-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கிலே அதையும் வீழ்த்திற்று. அரசுப் பள்ளி மதப் பிரசாரக் களமன்று என்பது தீர்ப்பின் சாரம்.

அதன்பிறகு நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். நான் நாடகமெழுதிப் பிழைப்பவன். ஒரு பாத்திரம் அவையிலே அடிபட்டால், வேடத்தை மாற்றி அடுத்த காட்சியிலே அனுப்புவது எங்கள் தொழில் தந்திரம். அந்தத் தந்திரத்தை அங்கே கண்டேன்! 'படைப்பு' என்ற பெயர் மறைந்தது. 'அறிவார்ந்த வடிவமைப்பு' என்ற புதுப் பெயர் மேடையேறிற்று. உயிர்களின் அமைப்பு அத்தனை நுட்பமாக இருக்கிறது. ஆகவே ஏதோ ஓர் அறிவுமிக்க ஆற்றல்தான் அதை வடிவமைத்திருக்கவேண்டும் என்பது வாதம். அந்த ஆற்றல் யார்? அதைமட்டும் கூறமாட்டார்கள். கூறினால் மதமாகிவிடும், மதமானால் பள்ளிக்குள் நுழையமுடியாது. ஆகவே, பெயரில்லாப் பெரியவர் ஒருவரைப் பின்கட்டு வழியாக வகுப்பறைக்குள் அழைத்துவந்தனர்.

கான்சஸ் மாநிலக் கல்வி வாரியம் இதிலே முன்னணி. 1999-இல் பரிணாமக் கொள்கையைப் பாடத்திட்ட அளவுகோல்களிலிருந்து பெரிதும் அகற்றிற்று. வாக்காளர் வாரியத்தை மாற்றினர். 2001-இல் அக்கொள்கை மீண்டும் ஏறிற்று. 2005 மே திங்களிலே மற்றொரு வாரியம் அதே வழக்கை மீண்டும் விசாரணைக்கு எடுத்தது. அறிவியலறிஞர்கள், "ஆய்வுக்கூடத்திலே முடிந்ததை அரசியல் கூடத்திலே ஏலம் விடாதீர்" என்று சாட்சி சொல்லவே மறுத்து ஒதுங்கினர்.

அந்த நேரத்திலேதான் ஸ்பகெட்டி பறந்து வந்தது!

பாபி ஹெண்டர்சன் என்பவர் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலே இயற்பியல் பயின்று பட்டம் பெற்ற இளைஞர். கான்சஸ் வாரியத்துக்கு 2005-இல் ஒரு திறந்த மடல் தீட்டினார். வசைபாடவில்லை, வாளை உருவவில்லை. மிகமிகப் பணிவாக எழுதினார். "மாற்றுக் கொள்கைகளையும் மாணவர் அறியவேண்டும் என்ற தங்கள் பெருந்தன்மை கண்டு பூரிக்கின்றோம். எமக்கும் ஒரு மாற்றுக் கொள்கை உண்டு. இவ்வுலகைப் படைத்தது பறக்கும் ஸ்பகெட்டிப் பூதம். எமக்கும் சமநேரம் ஒதுக்குக! இல்லையேல் நீதிமன்றம் ஏகுவோம்" என்பது மடலின் கருத்து. பாட நேரத்தை மூன்றாகப் பங்கிடலாம் என்று யோசனையும் கூறினார்: ஒரு பங்கு வாரியத்தார் விரும்பும் வடிவமைப்புக்கு, ஒரு பங்கு ஸ்பகெட்டிக்கு, எஞ்சிய பங்கு கண்கூடான சான்றுகளோடு நிற்கும் அறிவியலுக்கு!

வாரியத்தாரும் அந்த இளைஞரும் நேருக்கு நேர் சந்தித்திருந்தால் எப்படி இருந்திருக்கும்? நடந்த நிகழ்ச்சியன்று, நாடகக்காரன் உங்களுக்காகக் கற்பித்துக் காட்டும் காட்சி.

வாரியத்தார்: உயிர்களை ஓர் அறிவுமிக்க ஆற்றல் வடிவமைத்தது. அதையும் பாடமாக்கவேண்டும்.

இளைஞர்: மகிழ்ச்சி ஐயா. அந்த ஆற்றலின் பெயர் யாதோ?

வாரியத்தார்: பெயர் கூறமாட்டோம். இது அறிவியல், மதமன்று.

இளைஞர்: பெயர் கூறாததால், அது எங்கள் ஸ்பகெட்டிப் பூதமாகவும் இருக்கலாமன்றோ?

வாரியத்தார்: சீச்சீ! அதெப்படி?

இளைஞர்: அதுவன்று என்று தாங்கள் மெய்ப்பிக்க இயலுமா?

வாரியத்தார்: நாங்கள் ஏன் மெய்ப்பிக்கவேண்டும்? தின்னும் பண்டம் உலகைப் படைத்தது என்று கூறுபவர் நீர். சான்று தரவேண்டியவரும் நீரே!

இளைஞர்: ஐயா! அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை தொலைவு நடந்து வந்தேன். சான்று! அதே சான்றைத் தங்களிடமும் கேட்கலாமல்லவா?

திரை விழுகிறது, தோழர்களே! பகடியின் உயிர்நிலை இதுதான். எதிரியின் வாதத்தை மறுக்கவில்லை. மாலையிட்டு வரவேற்று, அவர் கூறிய பாதையிலேயே அவரை நடத்திச் சென்று, பள்ளத்தின் விளிம்பிலே நிறுத்திக் காட்டுகிறது.

இந்தக் கலையிலே ஸ்பகெட்டிக்கு மூத்தது தேநீர்க் கெண்டி! அறிஞர் பெர்ட்ரண்டு ரஸ்ஸல் 1952-இல் ஓர் இதழுக்காகக் கடவுள் உண்டா என்ற கட்டுரை எழுதினார். அந்த இதழ் அதை அச்சிடவேயில்லை. பூமிக்கும் செவ்வாய்க்கும் இடையே ஒரு பீங்கான் தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றி வருகிறது என்றும், எந்தத் தொலைநோக்கிக்கும் அது தட்டுப்படாத அளவு சிறியது என்றும் ஒருவர் கூறினால், இல்லையென்று எவராலும் மெய்ப்பிக்க இயலாது. அதனால் அதை நம்பியாகவேண்டுமா? உண்டு என்பவன் தோளிலேதான் சான்றின் சுமை என்று எடுத்துக்காட்டினார் ரஸ்ஸல். அவருடைய கெண்டி தத்துவ நூலுக்குள்ளே அமர்ந்திருந்தது. ஹெண்டர்சனின் வடிதட்டோ வீதிக்கு வந்தது!

மதம் என்றால் வேதம் வேண்டாமா? 2006-இல் அதுவும் அச்சேறிற்று. அந்த வேதம் கூறும் கதையைச் சுருக்கி உரைக்கின்றேன். இம்மதத்தின் ஆதி அடியார்கள் கடற்கொள்ளையர்! அவர்கள் தலைவனிடம் பூதம் பத்துக் கற்பலகைகளைத் தந்ததாம், மலையிலிருந்து இறங்கும்போது இரண்டு கைநழுவி விழுந்துவிட்டனவாம், மிச்சம் எட்டு. அவையும் கட்டளைகளல்ல, "இன்னது செய்யாதிருந்தால் எனக்கு மகிழ்ச்சி" என்ற பாணியிலே அமைந்த வேண்டுகோள்கள்! சுவர்க்கத்திலே பீர் பொங்கும் எரிமலை உண்டாம். மதுவிலக்குத் தோழர்கள் மன்னிக்க! நரகத்திலும் பீர் உண்டு, ஆனால் ஊசிப்போனது. வழிபாட்டு முடிவிலே 'ஆமென்' என்பதில்லை, 'ராமென்' என்பார்கள். அது சப்பானியர் உண்ணும் நூலுணவின் பெயர்.

இந்தக் கிண்டலுக்குள்ளே ஒரு கல்வியும் ஒளிந்திருக்கிறது. ஹெண்டர்சன் தம் மடலோடு ஒரு வரைபடம் இணைத்திருந்தார். 1800-களிலிருந்து கடற்கொள்ளையர் தொகை குறைந்துகொண்டே வருகிறது. அதே காலத்திலே உலகின் வெப்பம் ஏறிக்கொண்டே வருகிறது. ஆகவே கடற்கொள்ளையர் குறைந்ததுதான் வெப்பத்துக்குக் காரணம் என்பது அதன் முடிபு! சிரிப்பு வருகிறதல்லவா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நாம் அறிவோம். இரண்டு நிகழ்ச்சிகள் கைகோத்து நடந்தால், ஒன்று மற்றொன்றின் தாய் ஆகிவிடாது. பல பக்கத் தருக்க நூல் புகட்டுவதை ஒரு கோணல் வரைபடம் புகட்டிவிட்டது.

அடுத்து வடிதட்டு அரசாங்கத்தின் வாசலுக்கு வந்தது.

ஆஸ்திரியாவிலே நிக்கோ ஆல்ம் என்பவர் ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பித்தார். உரிமப் படத்திலே தலையை மூடலாகாது. மதக் காரணம் இருந்தால் மட்டும் விதிவிலக்கு. "எனக்கும் மதக் காரணம் உண்டு" என்று வடிதட்டைக் கவிழ்த்துக்கொண்டு படம் எடுத்தார். அதிகாரிகள் மருத்துவரிடம் அனுப்பினர், மனநிலை சரியாக உள்ளதா என்று அறிய! உள்ளது என்று மருத்துவர் சான்றளித்தார். ஏறத்தாழ மூன்றாண்டுகள் கழித்து, 2011-இல் வடிதட்டு மகுடத்தோடு உரிமம் கிடைத்தது. மதத்தை ஏற்றதால் அல்ல, முகம் முழுமையாகத் தெரிவதால்தான் கொடுத்தோம் என்றனர் அதிகாரிகள். அவரே 2013-இல் ஆஸ்திரிய நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்!

நியூசிலாந்து நாட்டிலே 2015-இல் இச்சபை திருமணம் நடத்திவைக்கும் உரிமை பெற்றது. 2016 ஏப்ரலிலே முதல் திருமணம் நடந்தேறியது. அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்திலே உள்ளாட்சி மன்றக் கூட்டம் வழிபாட்டுரையோடு தொடங்குவது வழக்கம். ஆனால் உரையாற்றும் உரிமை குறிப்பிட்ட சில அமைப்புகளுக்குத்தான் என்று மன்றம் வரம்பிட்டது. வரம்பு அரசியல் சட்டத்துக்கு முரண் என்று 2018-இல் நீதிமன்றம் கூறிற்று. விளைவு? 2019 செப்டம்பரிலே வடிதட்டு அணிந்த பாஸ்தஃபாரியர் ஒருவர் அதே மன்றத்திலே எழுந்து வழிபாட்டுரை நிகழ்த்தினார்!

எங்கும் வெற்றியா? இல்லை. மறைக்கமாட்டேன். நெப்ராஸ்கா மாநிலச் சிறையிலே இருந்த கைதி ஒருவர் தமக்கும் மத உரிமைகள் வேண்டும் என்று வழக்கிட்டார். கூட்டாட்சி நீதிபதி 2016-இல் தள்ளுபடி செய்தார். இது மதமன்று, அங்கதம். அங்கதத்துக்குள்ளே கருத்தாழமுள்ள வாதம் உண்டு. ஆயினும் வாதத்துக்கு அணிவித்த ஆடை அணிகளுக்கெல்லாம் மதம் என்ற பாதுகாப்பைத் தரமுடியாது என்பது அவர் தீர்ப்பின் கருத்து. நெதர்லாந்திலே சட்டம் பயிலும் மாணவி ஒருவர் வடிதட்டுப் படத்தோடு அடையாள ஆவணம் கேட்டார். போதிய தீவிரமும் ஒருமைப்பாடும் உடைய மதமன்று இது என்று 2018-இல் அந்நாட்டின் உயர் நிருவாக நீதியமைப்பு மறுத்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2021-இல் அவர் முறையீட்டை ஏற்கவில்லை.

நீதிபதிகள் கூறியது தவறு என்று நான் வாதாட வரவில்லை. பகடி பகடிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வடிதட்டு தோற்ற இடத்திலும் ஒரு வினாவை விட்டுச் செல்கிறது. எது தீவிரமான நம்பிக்கை, எது விளையாட்டு என்று அளக்க அரசு ஒரு கோலை எடுக்கவேண்டியதாயிற்று. அந்தக் கோலிலே பொறித்திருப்பது என்ன? சான்றா? காலத்தின் நீளமா? கூட்டத்தின் பெருக்கமா? பத்துப் பேர் நம்பினால் பைத்தியம், பத்துக்கோடிப் பேர் நம்பினால் பாடத்திட்டம் என்றால், அஃது அறிவின் அளவுகோலாகுமா? ஒரு நம்பிக்கைக்குத் திறக்கும் கதவு எல்லா நம்பிக்கைக்கும் திறக்கவேண்டும். அன்றேல், எதற்கும் திறவாமல், அரசு தன் வேலையைப் பார்க்கவேண்டும். வடிதட்டின் துளை ஒவ்வொன்றும் இந்த வினாவைத்தான் ஒழுகவிடுகிறது.

"பிறர் நம்பிக்கையைப் பழிப்பது பண்பா?" என்று கேட்கும் நல்லோர் உண்டு. நியாயமான கேள்வி. அடுப்படி மாடத்திலே அகல்விளக்கு ஏற்றிக் கைகூப்பும் ஏழைத் தாயைப் பார்த்து எள்ளி நகையாடுபவன் வீரனல்லன். அவன் கையிலே வடிதட்டு இருந்தால் பிடுங்கி எறியுங்கள். அந்தத் தாய் தன் நம்பிக்கையை எவர் பாடநூலிலும் ஏற்றவில்லை; எவரையும் தண்டம் கட்டச் சொல்லவில்லை. பகடி குறிபார்க்கவேண்டியது கைகூப்பும் எளியவரையன்று. கையிலே அதிகாரத்தை வைத்துக்கொண்டு, தம் நம்பிக்கையை ஊரார் பிள்ளைகளின் வாயிலே ஊட்டத் துடிப்பவரை! ஹெண்டர்சனின் மடல் எந்தக் கோவிலுக்கும் போகவில்லை. எந்தத் தேவாலயத்துக்கும் போகவில்லை. கல்வி வாரியத்துக்குப் போயிற்று. முகவரியைப் பாருங்கள், முகவரியிலே பண்பு தெரியும்!

ஏன் கல்வியின்மீது இத்தனை கவலை? நான் கல்லூரியைப் பாதியிலே விட்டு வெளியேறியவன். பட்டம் பெறாதவனுக்குப் பாடத்திட்டத்திலே என்ன வேலை என்று ஏளனம் செய்வோர்க்கு என் விடை இதுதான்: வீட்டிலே அலமாரி நிறைய நூலுள்ளவன் பிள்ளைக்குப் பாடநூல் பலவற்றுள் ஒன்று. நூலே இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு அதுதான் ஒரே நூலகம். அதிலே பொய் புகுந்தால், திருத்திக்கொள்ள அவனுக்கு வேறு ஏடில்லை. ஆகவே, பாடநூலிலே எது ஏறுகிறது என்பது பண்டிதர் பட்டிமன்றமன்று. பாமரர் வீட்டுப் பிள்ளையின் வாழ்வு!

இனி ஸ்பகெட்டி செய்யாத வேலையைக் கூறுகிறேன். அதுவே இச்சொற்பொழிவின் நெஞ்சு.

பென்சில்வேனியா மாநிலத்திலே டோவர் என்றோர் ஊர். அங்குள்ள பள்ளி வாரியம் 2004 அக்டோபரிலே, ஆறுக்கு மூன்று என்ற வாக்கிலே எடுத்த தீர்மானத்தைத் தொடர்ந்து, ஒன்பதாம் வகுப்பு உயிரியல் மாணவரிடம் ஓர் அறிவிப்பைப் படிக்கவேண்டும் என்று பணித்தது. டார்வின் கொள்கையிலே ஓட்டைகள் உண்டு. அறிவார்ந்த வடிவமைப்பு என்ற மாற்று விளக்கமும் உண்டு. அதற்கான நூல் பள்ளியிலே கிடைக்கும் என்பது அறிவிப்பின் கருத்து. அறிவியல் ஆசிரியர்கள் படிக்க மறுத்தனர்! வேலைக்கு அஞ்சாமல், "மாணவரிடம் உண்மையல்லாததைக் கூறமாட்டோம்" என்று நின்றனர். நிருவாகிகள் வகுப்புக்கு வந்து தாமே படித்துவிட்டுப் போயினர்.

பெற்றோர் 11 பேர் வழக்குத் தொடுத்தனர். 2005 செப்டம்பர் 26 அன்று விசாரணை தொடங்கிற்று. ஆறு வாரம் நடந்தது. பெற்றோர் தரப்பிலே முதற்சாட்சியாக வந்த உயிரியலறிஞர் கென்னத் மில்லர் கத்தோலிக்கர். அத்தரப்பிலேயே சாட்சி கூறிய ஜான் ஹாட் கத்தோலிக்க இறையியல் அறிஞர். இதைச் செவியிலே வாங்குங்கள், தோழர்களே! போர் பக்தருக்கும் பக்தியிலாருக்கும் நடுவே நடந்ததன்று. நம்பிக்கை நெஞ்சிலே இருக்கட்டும், வகுப்பறையிலே சான்று இருக்கட்டும் என்றோருக்கும், இரண்டையும் கலக்கத் துடித்தோருக்கும் நடுவே நடந்தது.

வடிவமைப்புத் தரப்பின் பெரும்புலவர் மைக்கேல் பீஹி, குறுக்கு விசாரணையிலே ஓர் இடத்திலே சிக்கினார். கோட்பாடு என்ற சொல்லுக்குத் தாம் தரும் அகன்ற விளக்கத்தின்படி பார்த்தால் சோதிடமும் அதிலே அடங்கும் என்று ஒப்புக்கொண்டார்! மற்றொரு சான்று இன்னும் சுவையானது. பள்ளியிலே வைத்திருந்த அந்த நூலின் பழைய வரைவுகளை வரவழைத்து ஒப்பிட்டனர். 1987 தீர்ப்புக்கு முன்பு 'படைப்பு' என்றிருந்த இடங்களிலெல்லாம் பின்பு 'வடிவமைப்பு' என்று மாற்றியிருந்தனர். ஓரிடத்திலே பழைய சொல் முழுமையாக அழியாமல், அதன் வயிற்றுக்குள்ளே புதிய சொல் புகுந்து, தலை ஒன்று வால் ஒன்றாக ஓர் அலங்கோலச் சொல் நின்றது! வேடம் மாற்றிய நடிகன் பழைய மீசையைக் கழற்ற மறந்து மேடையேறினால் எப்படி இருக்கும்? அப்படி இருந்தது.

2005 நவம்பர் 8. ஒரே நாளிலே இரண்டு நிகழ்ச்சிகள். கான்சஸ் வாரியம் ஆறுக்கு நான்கு என்ற வாக்கிலே பரிணாமக் கொள்கையைச் சந்தேகிக்கும் பாட அளவுகோல்களை ஏற்றுக்கொண்டது. அதே நாளிலே டோவரிலே தேர்தல். எட்டு இடங்கள், எட்டிலும் பழைய வாரியத்தார் வீழ்ந்தனர்! டிசம்பர் 20 அன்று நீதிபதி ஜான் ஜோன்ஸ் 139 பக்கத் தீர்ப்பை அளித்தார். வடிவமைப்பு வாதம் அறிவியலன்று, படைப்பு வாதத்தின் மறுவடிவம், அரசுப் பள்ளியிலே அதற்கு இடமில்லை என்றார். அவரை நீதிபதியாக அமர்த்தியவர் அதிபர் ஜார்ஜ் புஷ். மதவாதிகளின் ஆதரவு மிகுந்த குடியரசுக் கட்சித் தலைவர்! பதவி கொடுத்தவர் முகத்தைப் பாராமல், கண்முன் இருந்த சான்றைப் பார்த்தார் நீதிபதி. வழக்குச் செலவாக வாரியம் தர ஒப்பிய தொகை 10,00,011 டாலர். பத்து இலட்சம் வழக்கறிஞர் கட்டணத்துக்கு. மிச்சம் 11 டாலர்? வழக்காடிய பெற்றோர் பதினொருவருக்கும் ஆளுக்கு ஒரு டாலர்!

அந்த ஒரு டாலரை எண்ணிப் பாருங்கள். ஊரிலே ஏச்சும் பேச்சும் கேட்டு, நீதிமன்றத்திலே நாட்கணக்காக அமர்ந்து, பெற்ற கூலி ஒரு டாலர். ஆனால் பிள்ளைகளுக்கு ஈட்டித் தந்ததோ ஒரு நேர்மையான உயிரியல் பாடம்!

கான்சஸும் பின்னர்த் திருந்திற்று. 2006 தேர்தலிலே வாரியம் மாறிற்று. 2007 பிப்ரவரியிலே அந்த அளவுகோல்கள் கைவிடப்பட்டன. மாற்றியது ஸ்பகெட்டியா? இல்லை, வாக்குச்சீட்டு! டோவரிலே வென்றது வடிதட்டா? இல்லை, படிக்க மறுத்த ஆசிரியரும், வழக்காடிய பெற்றோரும், சான்று தேடிய அறிஞரும், வாக்களித்த ஊராரும்.

பின் பகடி எதற்கு? பறை எதற்கு, தோழர்களே? பறை நெல்லை அறுப்பதில்லை. உறங்குவோரை எழுப்புகிறது, அறுப்போரை ஒன்று திரட்டுகிறது. மன்றாடினால் கேளாத செவியும் சிரிப்பொலி கேட்டால் திரும்பும். அஞ்சி அடங்கிய ஊரிலே ஒருவன் துணிந்து சிரித்தால், அச்சத்துக்கு முதல் விரிசல் விழும். அந்த விரிசல் வழியே உள்ளே செல்லவேண்டியவர்கள், கையிலே சான்றும் கால்களிலே உறுதியும் கொண்ட மக்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால், வடிதட்டு தலையிலே ஏறிய ஓர் ஓட்டைப் பாத்திரந்தான்!

ஆகவே, நாளை யாரேனும் உங்களிடம் வந்து, "இதை நம்பு; ஏனென்று கேளாதே; உன் பிள்ளைக்கும் இதையே ஓது" என்று கூறினால் சினங்கொள்ளாதீர்கள். கல்லெடுக்காதீர்கள். "ஐயா! இதைக் கேட்டதும் எனக்கொரு ஸ்பகெட்டிப் பூதம் நினைவுக்கு வருகிறது" என்று புன்னகையோடு தொடங்குங்கள். சிரிப்பு அடங்கியதும், மெல்ல, ஆனால் அழுத்தமாக, அந்த ஒரு சொல்லைக் கேளுங்கள்: சான்று எங்கே? விடை வராவிட்டால், அடுத்த பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். அதற்கடுத்த தேர்தலுக்கும் தவறாமல் செல்லுங்கள்.